ஸிகில்லியாவில் குடியிருத்தல்: மன்னரின் தயவும் சட்டத்தின் காவலும்

இத்தாலிய நாட்டார் ஒருவர் மதுரையில் வந்து குடியிருந்த வரலாறு நம் பகுதியில் ஓரளவு அறியப்பட்டதே. 1577இல் உரோமாபுரியின் உயர்குடியில் பிறந்த ராபர்ட் டி நொபிலி 1606 நவம்பரில் இந்நகருக்கு வந்தார். காவி உடுத்தார், புலால் தவிர்த்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் பயின்றார். தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டார். அவர் இவ்வூர் வழக்கங்களை மேற்கொண்டது அவருடைய சபையாருக்கே பிடிக்கவில்லை. வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623இல் போப் பதினைந்தாம் கிரிகோரியின் ஆணையால் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆயினும் மதுரையில் அவருடைய இருப்பு உள்ளூர் அதிகாரிகளின் மனநிலையையே சார்ந்திருந்தது. அவர்கள் முகம் மலர்ந்திருந்த காலத்தில் மரியாதை கிடைத்தது. அது மாறியபோது, 1640இல், அவர் சிறையும் கண்டார். 1656இல் மயிலாப்பூரில் காலமானார்.

அயல்நாட்டில் குடியிருப்பவன் எவ்வளவு தூரம் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்பது பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியுள்ளனர். அவன் எதன் பாதுகாப்பில் வாழ்கிறான் என்னும் கேள்வி அதைவிட அடிப்படையானது. அதுவே அரிதாகக் கேட்கப்படுகிறது. இத்தாலியில் குடியிருத்தலின் நலன்களையும் தீங்குகளையும் இந்தக் கேள்வியைக் கொண்டே ஆராய்தல் தகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

விளாங்குடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளைகுடா நாடுகளுக்குச் சென்று மீண்டவர்களைக் காண்பது அரிதன்று. அங்கே பள்ளிவாசல் அருகிலிருக்கும், உணவில் ஐயமில்லை, நோன்பும் பெருநாளும் ஊரோடு ஒத்து நடக்கும். ஆனால் நாற்பது ஆண்டுகள் உழைத்தாலும் அந்த மண்ணுக்கு உரியவராதல் ஏறத்தாழ இயலாத காரியம். முதுமையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பத்தான் வேண்டும். இப்போது இளைஞர் சிலர் ஐரோப்பாவைப் பற்றி, குறிப்பாக இத்தாலியைப் பற்றி, நம்மிடம் கேட்கிறார்கள். அங்கே நிலை நேர்மாறானது. நிரந்தரமாகத் தங்கலாம், குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், காலப்போக்கில் குடியுரிமையும் பெறலாம். மார்க்கத்தோடு வாழ்வதற்குத்தான் பாடுபட வேண்டும். இவ்விரண்டில் எது மேல் என்று ஒரு வரியில் விடை சொல்லிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

தமிழர் ஏற்கெனவே அங்கே வாழ்கின்றனர். இலங்கையில் 1983க்குப் பின் போர் மூண்டபோது வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவை அடைந்து அங்கேயே தங்கினர். வீட்டுவேலை, முதியோரைக் கவனித்தல் முதலியவையே பலருக்கும் கிடைத்த தொழில்கள். அந்நகரின் காவல் புனிதையாகக் கத்தோலிக்கர் போற்றும் ரோசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரினோ மலைமேல் உள்ளது. அங்கே தமிழ்க் கத்தோலிக்கர் மட்டுமின்றித் தமிழ் இந்துக்களும் ஏறிச் சென்று வழிபடுவதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இன்று பலெர்மோவில் வாழும் அயல்நாட்டவருள் வங்கதேசத்தவரும் இலங்கையரும் முன்வரிசையில் இருக்கின்றனர்.

இவர்கள் நடக்கும் தெருக்களின் பெயர்களை ஓர் அரபுக் கல்லூரி மாணவன் கேட்டால் வியப்படைவான். பழைய நகரின் நடுத்தெரு கஸ்ஸாரோ, அது ‘அல்கஸ்ர்’. கடலோரப் பகுதி கால்ஸா, அது ‘அல்காலிஸா’. மேற்கு முனையில் உள்ள துறைமுகம் மர்ஸாலா. அதன் முற்பகுதி ‘மர்ஸா’ என்பதே. தோட்டத்து நீர்த்தொட்டியைச் சிசிலி உழவர் ‘ஜெப்பியா’ என்கின்றனர், அது ‘ஜாபியா’. வாய்க்காலைச் ‘சாயா’ என்கின்றனர், அது ‘ஸாகியா’. இத்தாலிய மொழியில் சுங்கச் சாவடியைக் குறிக்கும் ‘தொகானா’ என்னும் சொல்லும் நம்மூர்த் ‘திவானு’ம் ஒரே மூலத்தின் இரு பிள்ளைகள். அரபு மொழி அத்தீவில் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வழங்கியது. அதைப் பேசிய மக்கள் என்னவானார்கள் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஹிஜ்ரி 212இல், அதாவது கி.பி. 827இல், மாஸாரா என்னும் ஊரில் முஸ்லிம் படை இறங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் படைத்தளபதி அல்லர். கைரவான் நகரின் காழீ அஸத் இப்னுல் ஃபுராத். மதீனாவில் இமாம் மாலிக்கிடமும், இராக்கில் இமாம் அபூஹனீஃபாவின் மாணவரான முஹம்மத் அஷ்ஷைபானீயிடமும் பாடம் கேட்டவர். ஹனஃபீ, மாலிகீ ஆகிய இரு மத்ஹபுகளின் வரலாற்றிலும் அவர் பெயர் உண்டு. எழுபதை நெருங்கிய வயதில் கப்பலேறிய அவர், மறு ஆண்டில் ஸிரக்கூஸா முற்றுகையின்போது மறைந்தார். பலெர்மோ 831இல் கைப்பற்றப்பட்டது. தீவு முழுவதும் அடங்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. பின்னர் கல்பீ அமீர்களின் காலத்தில் அது செழித்தது.

புவியியலாளர் இப்னு ஹவ்கல் 973இல் பலெர்மோவுக்கு வந்து, அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாகக் குறித்துள்ளார். அந்நகர மக்களை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அளவுக்கு மீறி வெங்காயம் உண்பதால் அவர்களுடைய அறிவு மழுங்கிவிட்டது என்கிறார். பள்ளி ஆசிரியர்கள் அங்கே அளவின்றிப் பெருகியிருந்தமைக்கு, ஆசிரியராக இருந்தால் போருக்குப் போக வேண்டாம் என்ற சலுகையே காரணம் என்றும் எழுதுகிறார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதை எடுத்தெழுதச் சற்றுக் கூச்சமாகவே உள்ளது.

1072இல் நார்மானியர் பலெர்மோவைப் பிடித்தனர். 1091இல் இறுதிக் கோட்டையான நோட்டோவும் வீழ்ந்தது. நம் ஆய்வுக்கு உரிய காலம் இதன் பின்னரே தொடங்குகிறது. ஆட்சியாளர்களாக இருந்த முஸ்லிம்கள் அன்று முதல் குடிமக்கள் ஆயினர். முன்பு பிற சமயத்தார் செலுத்திய ஜிஸ்யாவை இப்போது இவர்கள் கிறிஸ்தவ மன்னருக்குச் செலுத்தினர். எனினும் அக்கால ஐரோப்பாவில் வேறெங்கும் காணமுடியாத ஒரு பண்பாடு அங்கே மலர்ந்தது. இரண்டாம் ரோஜர் மன்னரின் அரசப் போர்வையில் ஹிஜ்ரி 528 என்ற ஆண்டு கூஃபீ எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அவருடைய அரண்மனைத் தேவாலயத்தின் மேற்கூரையை அரபுலகக் கலைமரபின் ஓவியங்கள் அணி செய்கின்றன. ஷரீஃப் அல்இத்ரீஸீ 1154இல் தம் பெரும் புவியியல் நூலை நிறைவு செய்தது அவருடைய அரசவையில்தான். கணக்குப் பதிவேடுகள் அரபியில் எழுதப்பட்டன.

இதை மட்டும் படித்துவிட்டுச் சிசிலியைச் சமய நல்லிணக்கத்தின் பொற்காலமாகப் புகழ்வோர் உளர். அவர்கள் இப்னு ஜுபைரையும் படிக்க வேண்டும். மதுரைச் சுல்தானின் அவையைக் கண்டெழுதிய இப்னு பதூதாவை நாம் நன்கு அறிவோம். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முற்பட்டவர் இவர். இப்னு பதூதாவின் நூலைத் தொகுத்தவர் இவருடைய வருணனைகளிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார் என்பது அறிஞர் கண்ட உண்மை.

ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு அக்காவிலிருந்து ஸ்பெயினுக்குத் திரும்பிய இப்னு ஜுபைர், ஹிஜ்ரி 580 ரமழானில், அதாவது 1184 டிசம்பரில், மெஸ்ஸினாவுக்கு அருகே கப்பல் உடைந்து கரையேறினார். படகோட்டிகள் பணம் கேட்டனர். கையில் காசில்லாத ஏழை முஸ்லிம்கள் உடைந்த கப்பலிலேயே தவித்தனர். விபத்தைப் பார்க்க வந்திருந்த மன்னர் இரண்டாம் வில்லியம் தம் நாணயத்தில் நூறு அளித்து அவர்களை மீட்கச் செய்தார். இம்மன்னரைப் பற்றி நூலாசிரியர் தரும் செய்திகள் வியப்பூட்டுபவை. அவர் அரபி படிப்பார், எழுதுவார். ஆணைகளில் இடும் முத்திரை வாசகம் அல்லாஹ்வைப் புகழ்வது. சமையற்கட்டின் பொறுப்பாளர் ஒரு முஸ்லிம். அரண்மனைப் பணியாளர் பலர் உள்ளத்தில் ஈமானை மறைத்து வாழ்ந்தவர்கள். 1169இல் நிலநடுக்கம் வந்தபோது அவர்கள் தங்களையறியாமல் அல்லாஹ்வையும் ரசூலையும் அழைத்தனராம். மன்னர் வந்ததும் அஞ்சி நின்றவர்களிடம், அவரவர் வணங்குவதை அவரவர் அழைக்கட்டும் என்று அவர் அமைதிப்படுத்தினாராம்.

பலெர்மோவில் முஸ்லிம்களுக்குத் தனிப் பகுதிகளும் சந்தைகளும் பள்ளிவாசல்களும் காழீயும் இருந்தனர், பாங்கு ஒலித்தது. கிறிஸ்துமஸ் நாளில் கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரையும் மருதாணியுமாகத் தேவாலயம் சென்றதை அவர் நேரில் கண்டார். த்ராபனி நகரில் நோன்புப் பெருநாளன்று முஸ்லிம்கள் தம் அதிகாரியோடு முரசும் கொம்பும் முழங்கத் தொழுகைத் திடலுக்குச் சென்று வந்தனர். கிறிஸ்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதை எண்ணி வியந்தார். நலன்களின் பட்டியல் இவ்வாறு நீளமானது.

ஆயினும் ஜும்ஆ தொழுகை நடக்கவில்லை. குத்பாவுக்குத் தடை இருந்தது. பெருநாளில் மட்டும் அப்பாஸிய கலீஃபாவுக்குத் துஆச் செய்து குத்பா ஓதினர். ஆண்டுக்கு இருமுறை வரி கட்ட வேண்டும். இவற்றினும் கொடியது வீட்டுக்குள் புகுந்திருந்த அச்சம். தந்தை மகனைக் கண்டித்தால், கணவன் மனைவியோடு சினந்தால், சினமுற்றவர் நேரே தேவாலயத்துக்குப் போய் மதம் மாறிவிடலாம். பின்னர் அவரை மீட்க எந்த வழியும் இல்லை. ஆகவே குடும்பத் தலைவர்கள் தம் வீட்டாரிடமே பணிந்து பேசிக் காலங்கழித்தனர் என்கிறார் இப்னு ஜுபைர். த்ராபனியில் ஒரு பெரியவர் தம் மகளை ஹாஜிகளுள் ஒருவர் மணந்து முஸ்லிம் நாட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும் என மன்றாடினார். பெண்ணும் இசைந்தாள், பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் இனிக் காணமாட்டோம் என்று தெரிந்தே இசைந்தாள்.

சிசிலி முஸ்லிம்களின் தலைவர் அபுல்காஸிம் இப்னு ஹம்மூதையும் அவர் சந்தித்தார். செல்வர், கொடையாளி, அரசவையில் பதவி வகித்தவர். முவஹ்ஹித் ஆட்சியாளர்களோடு தொடர்பு கொண்டதாக எழுந்த குற்றச்சாட்டில் முப்பதாயிரம் தீனார் தண்டமும் சொத்திழப்பும் அவருக்கு நேர்ந்தன. பின்னர் மன்னர் மீண்டும் அவரைத் தம் பணியில் அமர்த்தினார். தானும் தன் வீட்டாரும் அடிமைகளாக விற்கப்பட்டாவது முஸ்லிம் நாடு ஒன்றைச் சேரமாட்டோமா என்று அவர் இப்னு ஜுபைரிடம் ஏங்கினார். பட்டும் பணியாளரும் சூழ வாழ்ந்த ஒருவர் அடிமைச் சந்தையை விரும்பியது ஏன்? அவரைத் தண்டித்ததும் அதே மன்னர். தூக்கி நிறுத்தியதும் அதே மன்னர். இடையில் முறையிடுவதற்கு எந்த இடமும் இல்லை.

இத்தகைய நாட்டில் ஒரு முஸ்லிம் குடியிருக்கலாமா? இவ்வினா அக்காலத்திலேயே எழுந்தது. ஸஹீஹ் முஸ்லிமை இமாம் நவவீயின் விரிவுரையோடு ஓதிய நம் ஆலிம்கள் ‘மாஸரீ கூறினார்’ என்னும் தொடரைப் பலமுறை கடந்திருப்பர். அந்த இமாம் மாஸரீயின் பெயரில் இருப்பது அஸத் இப்னுல் ஃபுராத் இறங்கிய அதே சிசிலி ஊர். அவர் வட ஆப்பிரிக்காவின் மஹ்தியாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 536இல், அதாவது 1141இல், மறைந்தார். சிசிலியின் காழீ கிறிஸ்தவ மன்னரால் நியமிக்கப்பட்டவர். அவர் எழுதியனுப்பும் தீர்ப்புகளும் சாட்சியங்களும் செல்லுமா என்று அவரிடம் கேட்கப்பட்டது. செல்லும் என்றார். ஒரு முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை. அவர் அங்கே தங்கியிருப்பது நிர்ப்பந்தத்தாலோ, மார்க்கம் ஏற்கும் வேறு காரணத்தாலோ ஆகலாம். மக்களுக்கு நீதி வழங்க ஒருவர் இன்றியமையாதவர், அவரை நியமித்தவர் யாராயினும் சரியே. இது அவருடைய வாதத்தின் சாரம். அதே இமாம், பொருளீட்டுவதற்காகச் சிசிலிக்குப் பயணம் போவதை ஏற்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

மூன்றரை நூற்றாண்டுக்குப் பின், ஸ்பெயின் கைநழுவிய வேளையில், ஃபாஸ் நகரத்து வன்ஷரீஸீ நேர் எதிரான கடுமையோடு எழுதினார்; ஹிஜ்ரத் செய்ய வல்லவர் தங்கியிருப்பது பாவம் என்றார். மறுபுறம், ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் மாவர்தீ, மார்க்கத்தை வெளிப்படையாகப் பேணமுடிந்த இடத்தில் தங்குவதே வெளியேறுவதினும் சிறந்தது என்று கருதினார். இப்னு ஹஜர் ஃபத்ஹுல் பாரீயில் இக்கருத்தை எடுத்தாண்டுள்ளார். தமிழகத்து முஸ்லிம்களாகிய நாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்துவருவது மாவர்தீயின் கருத்துக்கு ஏற்பவே என்று துணிந்து கூறலாம்.

எனினும் சிசிலியில் நடந்தது ஒன்றை ஃபத்வா நூல்கள் போதிய அளவு பேசவில்லை. வெளியேறியவர்கள் பெரும்பாலும் கற்றவர்களும் செல்வர்களுமே. மொழியறிஞர் இப்னுல் கத்தாஃ எகிப்து சென்றார். ஸிரக்கூஸாவில் பிறந்த கவிஞர் இப்னு ஹம்தீஸ் இளம் வயதில் ஸ்பெயினுக்குப் போய், 1133இல் இறக்கும்வரை பிறந்த தீவை நினைந்து பாடிக்கொண்டிருந்தார். எஞ்சியவர்கள் உழவர்கள். மன்னர் வில்லியம் மொன்ரியாலே மடத்துக்கு அளித்த நிலங்களின் பதிவேடுகளில் அவ்வுழவர்களின் பெயர்கள் அரபு எழுத்தில் வரிசையாக உள்ளன. நிலத்தோடு அவர்களும் சேர்த்தே கொடுக்கப்பட்டனர். எழுதத் தெரிந்தவர் போய்விட, எழுதப்பட்டவர்கள் தங்கிவிட்டனர். தம் சார்பாகப் பேசுவதற்கு ஆலிம் இல்லாத சமுதாயம் எளிதில் கரையும். இது சிசிலிக்கு மட்டும் உரிய செய்தியன்று.

1161இல் அரண்மனைக் கலகத்தின்போதே பலெர்மோவில் முஸ்லிம்கள் படுகொலை செய்யப்பட்டனர். 1189இல் வில்லியம் வாரிசின்றி மாண்டதும் மீண்டும் தாக்குதல் மூண்டது. தப்பியோர் மலைகளுக்கு ஓடினர். அரபியும் தத்துவமும் அறிந்தவராகப் போற்றப்படும் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக், 1220களிலிருந்து அம்மலைவாழ் முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லூச்சேரா நகருக்குக் கூட்டமாக நாடுகடத்தினார். அங்கே அவர்கள் தம் மார்க்கப்படி வாழ்ந்தனர். பேரரசரின் படையிலும் சேர்ந்தனர். அவருக்குப் பின் வந்த அஞ்ஜூ வம்சத்து மன்னர் இரண்டாம் சார்லஸ் 1300 ஆகஸ்டில் அந்நகரைக் கலைத்து, மக்களை அடிமைகளாக விற்கச் செய்தார். இத்தாலி மண்ணில் முஸ்லிம் சமுதாயம் என ஒன்று அத்துடன் இல்லாமலாயிற்று. இவ்வரலாற்றை முதலில் முழுமையாக எழுதியவர் பலெர்மோவில் பிறந்த மிக்கேலே அமாரி. அவரும் அரசின் பகைக்கு ஆளாகிப் பாரீசில் அடைக்கலம் புகுந்த காலத்தில்தான் அரபி கற்றார்.

இனி இன்றைய நிலையைக் காண்போம். இன்று இத்தாலியில் குடியிருப்பவன் மன்னரின் தயவில் இல்லை. அரசியல் சாசனத்தின் 8, 19ஆம் பிரிவுகள் சமய உரிமையை உறுதிசெய்கின்றன. 1978 முதல் பொது மருத்துவத் திட்டம் உள்ளது. பெற்றோரிடம் ஆவணம் இல்லாவிடினும் பிள்ளைக்குப் பள்ளியில் இடமுண்டு. லொம்பார்தியா மாநிலம் புதிய பள்ளிவாசல்கள் எழுவதைத் தடுக்கும் நோக்கோடு இயற்றியதாகக் கருதப்பட்ட 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2016இலும் 2019இலும் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. இப்னு ஹம்மூதுக்கு இல்லாதிருந்தது இதுதான். பலெர்மோவில் 2016இல் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. தலைமுறை தலைமுறையாக உள்ளூர் வணிகர்களே பேசத் தயங்கிய மாஃபியாக் கப்பத்துக்கு எதிராகப் பல்லரோ சந்தைப் பகுதியின் அயல்நாட்டுக் கடைக்காரர்கள், பெரும்பாலும் வங்கதேச முஸ்லிம்கள், துணிந்து சாட்சி கூறினர், பலர் கைதாயினர். சட்டத்தை நம்பத் துணிந்தவர் அயலவரே.

ஆயினும் இந்தக் காவல் முழுமையானதன்று. 2002ஆம் ஆண்டுச் சட்டம் தங்கும் அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு பிணைத்துவிட்டது. வீட்டுவேலை செய்பவருக்கு முதலாளியின் முகம் மன்னரின் முகம் போலாகிவிடுகிறது. யூதர், பௌத்தர், இந்துக்கள் ஆகியோரோடு இத்தாலிய அரசு முறைப்படி உடன்படிக்கை செய்துள்ளது; பின்னிருவரின் உடன்படிக்கைகள் 2012 இறுதியில் சட்டமாயின. கத்தோலிக்கருக்கு அடுத்த பெருந்தொகையினருள் ஒருவராகிய முஸ்லிம்களோடு அத்தகைய உடன்படிக்கை இன்னும் இல்லை. உரோமாபுரியில் 1995இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பெரும்பாலான ஊர்களில் தொழுகை நடப்பது வாடகைக் கிடங்குகளிலும் வண்டிக் கொட்டகைகளிலுமே. மையவாடிக்கும் தட்டுப்பாடு. முஸ்லிம்கள் தமக்குள் பல அமைப்புகளாகப் பிரிந்து கிடப்பது அரசுக்கு ஒரு சாக்காக உதவுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடியுரிமையே உண்மையான கதவு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர் பத்தாண்டு சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். அங்கேயே பிறந்து இடைவிடாமல் வளர்ந்த பிள்ளையும் பதினெட்டு வயதான பிறகே அதைக் கோரலாம். பத்தை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களிக்க வந்தோர் முப்பது விழுக்காட்டளவே. பாதிப்பேராவது வரவேண்டும் என்பதால் அது செல்லாமற்போயிற்று. எதிர்த்து வாக்களித்தவரைவிட வராமலே இருந்தவரால் நேர்ந்த தோல்வி இது. இந்தியர் ஒருவர் இத்தாலியக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்பதும் நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், இத்தாலியக் கடவுச்சீட்டுப் பெற்ற வங்கதேசக் குடும்பங்கள் பல இலண்டனுக்குப் பெயர்ந்தன. பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியும் அருகில் பள்ளிவாசல் இருப்பதும் அவர்கள் சொன்ன காரணங்களுள் அடங்கும். கதவைத் திறக்கப் பத்தாண்டு காத்திருந்தவர்கள், திறந்ததும் அதன் வழியே வெளியேறினர்.

இமாம் மாஸரீயின் பெயர் தாங்கும் மாஸாரா இன்று இத்தாலியின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்று. லூச்சேரா அழிந்து ஆறரை நூற்றாண்டுக்குப் பின், 1960களின் இறுதியிலிருந்து, துனீசிய மீனவர்கள் அங்கே வேலைக்கு வந்தனர். மக்கள் கைவிட்டிருந்த பழைய அரபுப் பகுதியின் சந்துகளில் குடியேறினர். ஊர் திரும்பும் நாளில் பிள்ளைகள் தடுமாறக்கூடாதென 1981இல் துனீசியப் பாடத்திட்டப்படி அரபியில் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றும் அங்கே திறக்கப்பட்டது. குடும்பங்கள் பலவும் ஊர் திரும்பவில்லை. அப்பிள்ளைகள் வளர்ந்து, தம் பிள்ளைகளை இத்தாலியப் பள்ளிகளில் சேர்த்துள்ளனர். மாலையில் அரபி கற்பிக்க யார் வருவார் என்று தேடிக்கொண்டிருக்கின்றனர்.